மிச்சம் நூற்றறுபது ஸ்தோத்திரம்

இங்கன ஆள் வருதா யம்மா? வரலன்னா கொஞ்சம் தள்ளி உக்காரு. பைய மேல வைக்க வேண்டாம், என் மடியிலயே கெடக்கட்டும். இந்தப் பஸ் வள்ளியூர் ஊருக்குள்ள போவும்லா? பைபாஸ்ல இறக்கி விட்டுட்டுப் போற பஸ்ஸும் இருக்கு. கண்டக்டர்கிட்ட கேட்டேன், போவும்னாரு. இருந்தாலும் உங்கிட்டயும் ஒருக்கா கேட்டுக்கிடுதேன். நீ எங்க, நாகர்கோவிலா? நல்லதாப் போச்சு.

எம் பேரு வயலட். ஊரு சாயர்புரம் பக்கம். நீ எந்தச் சபை? ஓ, கோயிலுக்குப் போறவளா. பரவால்ல, பரவால்ல. பயப்படாத, பஸ்ல வச்சி உன்ன மதம் மாத்த மாட்டேன். ஒரு பேச்சுக்குக் கேட்டேன். என்ன, உனக்கு எல்லாத்தயும் விளக்கமாச் சொல்லணும். எங்க ஆளுகன்னா அரை வார்த்தையில புரிஞ்சிக்கிடுவாங்க.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமைலா. பத்து மணிக்கு எங்க சபையில ஆராதனை. பதினெட்டு வருசத்துல ஒரு ஞாயிறுகூட நான் மட்டம் போட்டது கெடையாது. காய்ச்சல்லயும் போயிருக்கேன், கால்ல கட்டுப் போட்டுக்கிட்டும் போயிருக்கேன். இப்ப மூணு வாரமாப் போவல. பாஸ்டரம்மா போன் போட்டுக் கேட்டாங்க. ஊருக்குப் போறேன்னு சொன்னேன். எந்த ஊருக்குன்னு சொல்லல. சபையில துதி வீரர் குழுன்னு ஒண்ணு இருக்கு, பன்னெண்டு பொம்பளைய, நான்தான் தலைவி. தலைவியே போவலன்னா கேக்கத்தான செய்வாங்க.

துதின்னா என்னான்னு நெனைக்க? சாமியப் புகழ்ந்து பாடுதது, அம்புட்டுதான்னு நெனைப்ப. எங்களுக்கு அது ஆயுதம் யம்மா. யோசபாத்துன்னு ஒரு ராஜா. மூணு நாட்டுப் படை சேந்து அவரு மேல வருது. அவரு என்ன செஞ்சாரு, பட்டாளத்துக்கு முன்னால பாட்டுக்காரங்கள அனுப்பிட்டாரு. இவங்க பாட ஆரம்பிச்ச ஒடனே அந்தப் படைக்காரன் ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்டுச் செத்தான். பவுலும் சீலாவும் ஜெயில்ல, காலு ரெண்டும் கட்டையில மாட்டியிருக்கு, முதுகெல்லாம் அடிபட்ட காயம், அப்பவும் பாடுனாங்க. ஜெயிலே குலுங்கிக் கதவெல்லாம் தொறந்துட்டு. சாத்தானுக்குத் துதி ஆவாது. நாம பாடுனா ஓடுவான். நாம அழுதா கிட்ட வருவான். அழுகைங்கது அவனுக்கு நாமளே தொறந்து விடுத கதவு. இத நான் எத்தன கூட்டத்துல சொல்லியிருக்கேன் தெரியுமா. கோவில்பட்டி வரைக்கும் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்காங்க.

ஜன்னல அடைச்சிருவமா? காத்து மூஞ்சில அடிக்கி. வேண்டாம், தொறந்தே இருக்கட்டும்.

எங்க வீட்ல அவிய கவர்மெண்டு பஸ்ஸுல டிரைவரா இருந்தாவ. ஞானதுரை டிரைவர்னா அந்த ரூட்டுல எல்லாருக்கும் தெரியும். இந்தா இந்த டிரைவர் கியர் போடுதாரு பாரு, கல்லு அரைக்கித மாதிரி. அவிய போட்டா உனக்குச் சத்தமே கேக்காது. முப்பத்தோரு வருசம், ஒரு கோழிமேல ஏத்துனது கெடையாது. நல்லாப் பாடுவாவ. கட்டைக் குரலு. கல்யாணத்துக்கு முன்னால அவிய ஊரு கோயில்ல, சர்ச்சயும் நாங்க கோயில்னுதான் சொல்லுவோம், பாடகர் குழுவுல நாலு பேர்ல ஒருத்தரு. நான் அந்தச் சபைய விட்டு இந்தச் சபைக்கு மாறுனப்போ, எனக்காகத்தான் அவியளும் வந்தாவ. கைதட்டிப் பாடுதது அவியளுக்கு ஒத்து வரல. ஆனாலும் கடைசி வரிசையில நின்னு பாடுவாவ. மேடையில இருந்து எனக்கு அந்தக் குரலு மட்டும் தனியாக் கேக்கும்.

அப்படிப்பட்ட மனுசனுக்கு ஊமை ஆவி பிடிச்சிட்டு.

சிரிக்காத. வாயே பேசலங்கல்ல. சோறு போடு, மோட்டார ஆப் பண்ணு, கேஸ்காரன் வந்தானா, அதெல்லாம் பேசுவாவ. ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை மட்டும் வராது. பாட்டுன்னா எந்திரிச்சி வெளிய போயிருவாவ. குடும்ப ஜெபத்துல உக்காரச் சொன்னா உக்காருவாவ, தரையப் பாத்துக்கிட்டே இருப்பாவ. எங்க மவன் ஆல்வின் எறந்ததுல இருந்து இப்படித்தான். ஒரே பிள்ளை. இருபத்தாறு வயசு. பைக்குல போனான், லாரிக்காரன் தட்டிட்டான். பதினோரு நாளு ஆஸ்பத்திரில இருந்தான். அது ஒன்றரை வருசம் ஆச்சி.

நான் அழல யம்மா. அடக்கத்தன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. பெட்டி வீட்ட விட்டுக் கிளம்பும்போது நான்தான் பாட்ட ஆரம்பிச்சேன். வயலட் விசுவாசம் மாதிரி உண்டுமான்னு பாஸ்டரே மைக்குல சொன்னாரு. அதுக்குப் பொறவுதான் கூட்டத்துக்குக் கூட்டம் சாட்சி சொல்லக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. புள்ளயக் குடுத்தும் துதிச்ச தாய்னு நோட்டீஸ்ல போட்டுட்டாங்க. ஒரு பக்கம் அப்படி. வீட்டுக்கு வந்தா இந்த மனுசன் மூலையில தரையப் பாத்துக்கிட்டு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. ஊருக்கெல்லாம் சாத்தானை விரட்டுதவ வீட்லயே அவன் நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்.

அதான் எரிகோ ஜெபம் வச்சேன். எரிகோன்னு ஒரு பட்டணம், சுத்திப் பெரிய மதிலு. ஆறு நாளு தினம் ஒருக்கா சத்தமில்லாமச் சுத்தி வந்து, ஏழாம் நாளு ஏழு தரம் சுத்தி, எக்காளம் ஊதி எல்லாரும் ஒண்ணாச் சத்தம் போட்டாங்க, மதிலு விழுந்துட்டு. நாங்களும் அதே மாதிரி எங்க வீட்டச் சுத்தி வாரதுன்னு முடிவு பண்ணோம். பன்னெண்டு பேரும் காலைல ஆறு மணிக்கு வந்துருவாங்க. இதுல ஒரு சங்கடம் என்னன்னா, எங்க வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவுல ஒரு முழம்தான் சந்து. பக்கவாட்டுல நண்டு மாதிரித்தான் போவ முடியும். ஹெப்சின்னு ஒரு சகோதரி, கொஞ்சம் கனத்த உடம்பு, மூணாம் நாளு நடுச் சந்துல மாட்டிக்கிட்டா. ஆறு நாளைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுலா, அதனால மாட்டிக்கிட்டேன்னு சொல்லவும் முடியல, கையக் காலை ஆட்டுதா. பின்னால நாங்க ஆறு பேரு நிக்கோம். அவியதான் கொல்லைப்பக்கம் இருந்து வந்து, அந்த முனையில நின்னு அவ கையப் பிடிச்சி மெதுவா இழுத்து விட்டாவ. சேலையில சுண்ணாம்பு ஒட்டியிருக்கு தட்டிக்கோங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாவ.

ஏழாம் நாளு ஏழு சுத்து. எட்டு மணி ஆயிட்டு. டீக்கடை ஆளுகள்லாம் வந்து நிக்காங்க, புது வீடு பால் காய்ச்சுதாங்களோன்னு. கடைசிச் சுத்து முடிஞ்சதும் தம்புருவ, கஞ்சிரா மாதிரி சலங்கை வச்சிருக்கும்லா, அத அடிச்சி எல்லாரும் ஒண்ணாச் சத்தம் போட்டோம். போட்ட சத்தத்துல ஓட்டுமேல இருந்த காக்கா எல்லாம் பறந்துட்டு. அப்பக் கதவு தொறந்திச்சி. அவிய வந்தாவ. ஹெப்சி, விழுந்திச்சி, மதிலு விழுந்திச்சின்னு குதிக்கா. எனக்கும் அப்படித்தான் தோணிச்சி. முகமெல்லாம் நல்லாச் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நிக்காவ. பொறவுதான் பாத்தேன், கையில பை இருக்கு. டியூட்டிக்குக் கொண்டு போவாவளே, அந்தக் காக்கிப் பை. என் கையில வீட்டுச் சாவியக் குடுத்தாவ. மோட்டார் ஓடுது, அஞ்சு நிமிசத்துல ஆப் பண்ணிருன்னாவ. பன்னெண்டு பொம்பளையளுக்கு நடுவுல வழி கேட்டு வழி கேட்டுப் போயிட்டாவ.

நான் மோட்டார ஆப் பண்ணல. தொட்டி நெறஞ்சி தண்ணி தெருவுல ஓடிச்சி.

இது எந்த ஊரு, நாங்குநேரியா? இன்னும் இருக்கு. வெரசாப் போறான் இந்த ஆளு.

போனது எங்கன்னா, வள்ளியூர்ல தங்கச்சி வீட்டுக்கு. லில்லி. என் நாத்தனாரு. அஞ்சு மாசம் ஆச்சி. நான் விடலயே. தினமும் எங்க குழு உபவாசத்துல அவிய பேரச் சொல்லி யுத்தம் பண்ணோம். வள்ளியூர்த் திசையப் பாத்துக் கைய நீட்டி, ஊமை ஆவியே போன்னு கட்டளை குடுத்தோம். போன மாசம் லில்லி போன் பண்ணா. மைனி, உங்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி, அண்ணன் எங்க கோயில்ல பாடகர் குழுவுல சேந்துட்டாவன்னா. ஞாயித்துக்கிழமை முன்வரிசையில நின்னு பாடுதாவளாம். பயிற்சிக்கு மொத ஆளாப் போயிருதாவளாம். ஒரு நாளு பாடும்போது கண்ணுல தண்ணி ஓடிக்கிட்டே இருந்திச்சாம், தொடைக்காமலே பாடுனாவளாம்.

ஸ்தோத்திரம், ஜெயம் கெடச்சாச்சின்னு துள்ளணும்லா நான்? துள்ளல. குழுவுல சொல்லவும் இல்ல. அன்னைக்கு முழுக்க வீட்டுக்குள்ளயும் வெளியவும் நடந்துக்கிட்டே இருந்தேன். ஆவி போயிட்டுன்னா வீட்டுக்கு வரணும்லா? என்கூட நின்னு பாடணும்லா? லில்லி வீட்ல இருந்தா வாய் தொறக்குது, எங்கிட்ட இருந்தா அடைச்சிக்கிடுதுன்னா, அது என்ன ஆவி? அப்படி ஒரு ஆவியப் பத்தி நான் எந்தப் பிரசங்கத்துலயும் கேட்டதில்ல.

ஆஸ்பத்திரியில நடந்தத மனசுல வச்சிருப்பாவளோன்னு ஒரு நெனைப்பு. அது ஒண்ணும் பெரிய விசயமில்ல. சாட்சி சொல்லும்போதுகூட அத நான் சொல்லுததில்ல, நேரம் இருக்காது. உங்கிட்ட சொல்லுதேன், நீயே நியாயம் சொல்லு.

ஆயிரம் ஸ்தோத்திரம்னு ஒண்ணு உண்டு எங்கள்ல. ஒரு ஆளு ஆண்டவரோட ஒவ்வொரு குணமா, ஒவ்வொரு நன்மையாச் சொல்லிக்கிட்டே போவணும், மத்தவங்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு முடிச்சிக்கிட்டே வரணும். மொத்தம் ஆயிரம். நிதானமாச் சொன்னா முக்கால் மணி நேரம். ஆரம்பிச்சா முடிக்கணும், நடுவுல எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா எதிரிக்கு எடம் குடுத்தது மாதிரி. இது எங்க குழுவுல நான் வச்ச சட்டம். பன்னெண்டு பேரும் பாத்ரூமுக்குப் போயிட்டு வந்துதான் உக்காருவாங்க. எனக்கு அந்த ஆயிரமும் மனப்பாடம்.

ஆல்வின் ஐசியூல கெடந்த பதினோரு நாளும், நாங்க வராண்டாவுல உக்காந்து தினம் ஆயிரம் சொன்னோம். நான் சொல்லுவேன், அவியளும் எங்க ஆளுக நாலு பேரும் முடிப்பாங்க. புள்ளைக்கு மொத நாள்ல இருந்து நினைவு இல்ல. மூச்செல்லாம் மிசின்தான். பதினோராம் நாளு சாயங்காலம், எண்ணூறு தாண்டிட்டோம். எண்ணூத்தி நாப்பதுன்னு எனக்கு நல்லா ஞாபகம். நர்ஸ் பிள்ள கதவத் தொறந்துக்கிட்டு ஓடி வாரா. ஆல்வின் அப்பா யாரு, அந்த அண்ணன் கண்ணு முழிச்சிட்டாரு, யாரையோ தேடுதாரு, ஒரு ஆளு மட்டும் வெரசா வாங்கங்கா.

பாத்தியா? பதினோரு நாளா அசையாத புள்ள கண்ணு முழிக்கான்னா என்ன அர்த்தம்? நாங்க சொன்ன துதி உள்ள போயி வேல செய்யிதுன்னுதான அர்த்தம்? எதிரி ஓட ஆரம்பிச்சிட்டான், வாசப்படி வரைக்கும் போயிட்டான். இப்பப் போயி பாதியில விடலாமா? மிச்சம் நூத்தறுபது. ஏழு நிமிசம், கூடப்போனா எட்டு நிமிசம். அவிய எந்திரிச்சிட்டாவ. நான் சட்டையப் பிடிச்சேன். சொல்லிக்கிட்டு இருந்தத நிறுத்தாமலே, கண்ணாலயே உக்காருங்கன்னு சொன்னேன். அவிய கதவப் பாத்தாவ, என்னப் பாத்தாவ. உக்காந்தாவ. ஸ்தோத்திரம்னாவ. அந்த நர்ஸ் பிள்ள நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டு.

ஆயிரமும் முடிச்சோம். ஒண்ணு குறையல. முடிச்சிட்டு ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே உள்ள போனோம். புள்ளயச் சுத்தித் திரை போட்டிருந்தாங்க.

நான் வேணும்னா செஞ்சேன்? சொல்லு யம்மா. எம் புள்ளைக்கு உயிரு வரணும்னுதான செஞ்சேன். சாத்தானத் தொரத்திட்டா அதுக்கப்புறம் அப்பாவும் மவனும் எத்தன வருசம் வேணாலும் பேசிக்கிடலாம்லா. அப்படித்தான் நெனைச்சேன். எட்டு நிமிசத்துல முடிஞ்சி போவும்னு யாரு கண்டா? டாக்டரே சொன்னாரு, நீங்க வந்திருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாருன்னு. அவிய அன்னைக்கும் ஒண்ணும் சொல்லல, இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்லல. திட்டியிருக்கலாம். ஒரு அடி வேணா அடிச்சிருக்கலாம். நான் பதிலுக்குப் பேசியிருப்பேன், வசனம் எடுத்துக் காட்டியிருப்பேன். ஒண்ணுமே சொல்லாத மனுசன்கிட்ட என்னத்தப் பேச.

யாரத் தேடுனான்னு எனக்குத் தெரியாது. அந்த நர்ஸ் பிள்ளகிட்ட கேக்கணும்னு ரெண்டு தரம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிருக்கேன். கேக்கல.

தண்ணி இருக்கா பாட்டில்ல? ஒரு வாய் குடு.

போன மாசம் அந்தச் செய்தி கேட்ட மறுநாளு லில்லிக்குப் போன் போட்டேன். அண்ணன்கிட்ட குடுன்னேன். அவ ஸ்பீக்கர்ல போட்டா. என்னங்க, ஆண்டவருக்கே மகிமை, வாயத் தொறந்திட்டாருலா, இப்பமே நாம ரெண்டு பேரும் சேந்து ஸ்தோத்திரம் சொல்லிருவம், நான் ஆரம்பிக்கேன்னு ஆரம்பிச்சிட்டேன். என்ன செய்ய, எனக்குத் தெரிஞ்சது அதான். பத்து சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்ட சத்தம். லைன் கட்டாயிட்டு.

சாயங்காலம் லில்லியே கூப்பிட்டா. மைனி, கோவிச்சிக்கிடாதீங்க, அண்ணன் உங்களப் பத்தி இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல. யாரு கேட்டாலும் தப்பெல்லாம் எம்மேலதான், நான்தான எந்திரிச்ச இடத்துல உக்காந்தேன்னுதான் சொல்லுதாவ. ஆனா உங்க சத்தத்தக் கேட்டதும் எந்திரிச்சிட்டாவ. கையில இருந்த காப்பி டம்ளரத் தரையில போட்டுட்டு வெளிய போயிட்டாவ. இப்ப வரைக்கும் வீட்டுக்குள்ள வரல. நீங்க வாங்க, எப்ப வேணாலும் வாங்க, உங்க வீடு. சத்தம் மட்டும் வேண்டாம் மைனின்னு சொல்லிட்டு வச்சிட்டா.

அதுல இருந்து எனக்கும் ஸ்தோத்திரம் ஓட மாட்டேங்கி. உக்காருதேன், ஆரம்பிக்கேன். எண்ணூறு வரைக்கும் தடுக்காமப் போவுது. அதுக்கு மேல அடுத்தது என்னான்னே மறந்து போயிருது. தல தலையா அடிச்சிக்கிட்டாலும் வரல.

போன வாரமும் இதே பஸ்ல வந்தேன். அதுக்கு முந்தின வாரமும் வந்தேன். ரெண்டு தரமும் இறங்கல. நாகர்கோவில் போயி பஸ் ஸ்டாண்டுல ஒரு காப்பியக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சித் திரும்பிட்டேன். நேரா அவிய முன்னால போயி நிக்கலாம். நின்னா என்னத்தச் சொல்ல? வாயத் தொறந்தா எனக்கு வாரதெல்லாம் துதியும் ஜெபமும் கட்டளையும்தான். சாதாரணமா ஒரு வார்த்தை பேசி எத்தன நாளாச்சின்னு யோசிச்சிப் பாத்தேன், ஞாபகம் வரல. இந்தா, உங்கிட்ட பேசுதேன்லா இப்ப, இப்படி அவியகிட்ட பேசியிருந்தா போதும். அவிய பக்கத்துல இருந்தா வர மாட்டேங்கி.

வள்ளியூரா? வந்துட்டா? அந்தா ஸ்டாண்டுக்குள்ள திரும்புதான்.

யம்மா, உனக்கு ஒரு அரைமணி நேரம் இருக்குமா? நாகர்கோவிலுக்கு அடுத்த பஸ் பின்னாலயே வரும், நானே டிக்கெட் எடுத்து ஏத்தி விடுதேன். லில்லி வீடு இங்க இருந்து ரெண்டு தெருதான், மஞ்ச பெயிண்டு அடிச்ச வீடு. இப்பக் கோயில் முடிஞ்சி வந்திருப்பாவ. நீ போயிக் கதவத் தட்டு. யாருன்னு கேப்பாவ, அவியதான் கேப்பாவ, கட்டைக் குரலா இருக்கும். வயலட் வந்திருக்கான்னு நீ சொல்லு. வாசலுக்கு வெளிய நிக்கா, வரச் சொன்னா வருவா, வேண்டாம்னா போயிருவான்னு சொல்லு. இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு எந்திரிச்சவரப் பிடிச்சி உக்கார வச்சது அவதான்னு சொல்லு, உங்க தப்பு இல்லயாம்னு சொல்லு. இத நீ சொன்னாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்.

நான் சுவரு ஓரமா நின்னுக்கிடுதேன். நான் சொன்னா எஞ்சத்தம் கேட்டுரும்.